தொடாமல் விட்ட வெளிச்சம்

உலகத்தில் பேயைப் பார்க்கவே முடியாத பிறவி ஒன்று உண்டென்றால் அது நீர்வண்ண ஓவியன்தான் என்று ஆம்புரோஸ் திரிங் அறிவித்தபோது, லண்டன் ஓவியர் சங்கத்து விருந்தில் ஆட்டுத் தொடையை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

"காரணம் ரொம்ப எளிசு," என்றான் ஆம்புரோஸ். "மத்த ஜனங்களுக்கு வெளிச்சம் எங்கேருந்து வருது, இருட்டு எங்கேருந்து வருதுன்னு தெரியாது. அதனால பயப்படுறாங்க. நமக்குத் தெரியும். வெளிச்சம்கறது நாம தொடாம விட்ட காகிதம். இருட்டுங்கறது நாமளே பூசினது. தானே பூசின இருட்டைப் பார்த்து எவனாவது பயப்படுவானா?"

யாரும் சிரிக்கவில்லை. ஆம்புரோஸும் சிரிக்கவில்லை. இதைத் தன் வாழ்நாளின் முக்கியமான கண்டுபிடிப்பாகவே அவன் கருதினான். வயது இருபத்தேழுதான் ஆகிறது என்பதால் போட்டிக்கு வேறு கண்டுபிடிப்புகளும் இல்லை. மூத்த உறுப்பினர் ஒருவர் தலையை ஆட்டி, "பையன் ஆழமானவன்" என்று பக்கத்து நாற்காலியிடம் சொன்னார்.

அவனைச் சங்கத்தின் முழு உறுப்பினராக்க விரைவில் வாக்கெடுப்பு நடக்க இருந்தது. அந்த உயரத்துக்கு அவனைத் தூக்கிவிட்டது ஒரே ஒரு படம். பெயர் 'அடைத்த கதவு'.

பழைய லத்தீன் காவியம் ஒன்றில் வரும் காட்சி அது. பள்ளிக்கூடத்தில் பிரம்படியோடு சேர்ந்தே உள்ளே இறங்கியதால் இங்கிலாந்தில் படித்தவர் எவருக்கும் மறக்காது. எதிரிப் படை நகரத்தை வளைக்கிறது. ஒரு வீரன் பாலத்தில் தனியாளாக நின்று, மற்றவர்கள் கோட்டைக்குள் போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்கிறான். கடைசியில் ஓடிவந்து கோட்டைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே சாவியோடு நிற்பவன் அவனுடைய உயிர் நண்பன். நண்பன் திறக்கவில்லை. காவியம் அதற்காகப் பக்கம் பக்கமாக ஒப்பாரி வைக்கிறது. ஏன் திறக்கவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

படத்தில் வீரன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தட்டுவதற்குக் கையை ஓங்கியிருக்கிறான். எதிரே கதவு. அதில் துளி வெளிச்சம் இல்லாத இருட்டு. பார்த்தவர்கள் எல்லாம் அந்த இருட்டைத்தான் புகழ்ந்தார்கள்.

படத்தில் அந்த இருட்டு மட்டும்தான் ஆம்புரோஸ் போட்டது.

மீதி எல்லாம் சைலஸ் வென் போட்டது.

சைலஸ் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன். இருமலுக்காகச் சதா சோம்பு மிட்டாய் சப்புகிறவன். நெஞ்சுக்கோளாறு முற்றவே, குளிர்காலத்துக்குத் தெற்கே அக்காள் வீட்டுக்குக் கிளம்பினான். கிளம்பும்போது படத்தை நண்பனிடம் கொடுத்துவிட்டுப் போனான், கண்காட்சிக்கு அனுப்பச் சொல்லி. அவன் போட்டிருந்தபடி கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவே, மேலிருந்து கீழ்வரை, நகத்தின் அகலத்துக்கு வெறும் காகிதத்தை விட்டிருந்தான். வெளிச்சம்.

"காவியத்துல அவன் திறக்கவே இல்லையேடா," என்றான் ஆம்புரோஸ்.

"திறந்திருப்பான். எழுதினவனுக்குத்தான் தெரிஞ்சிருக்காது," என்றான் சைலஸ். "எதை வேணா சரிபண்ணிக்கோ. அந்த வெளிச்சத்தை மட்டும் தொடாதே."

அந்த வெளிச்சத்துக்குள்தான், பழுப்பு மையில், மேலிருந்து கீழாகத் தன் பெயரை எழுதியிருந்தான்.

ஆம்புரோஸ் படத்தின் நன்மையைத்தான் நினைத்தான். காவியத்துக்கு விரோதமான வெளிச்சத்தைப் பார்த்தால் நடுவர்கள் சிரிப்பார்கள். ஆகவே அவுரி நீலமும் கணவாய் மீனின் கரும்பழுப்பு மையும் கலந்து மூன்று பூச்சுப் பூசினான். பெயர் அடியில் போய்விட்டது. பெயரில்லாத படம் அநாதைப் பிள்ளை மாதிரி. ஆகவே மூலையில் தன் பெயரைப் போட்டான். இதில் எந்தப் படியிலும் திருட்டு என்ற சொல் அவனுக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு படியும் முந்தின படியிலிருந்து அவ்வளவு இயல்பாக வந்தது.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சாயங்காலம் சைலஸ் திரும்பி வந்தான். ஆம்புரோஸ் அதற்குள் வேறு அறைக்கு மாறியிருந்தான். வெளியே பனி கொட்டியது. சைலஸ் கதவைத் தட்டினான். குளிரில் வெடித்த விரல்கள் என்பதால் அவன் எப்போதும் தூரிகையின் மரமுனையால்தான் தட்டுவான். டிக், டிக் என்று மெல்லிய சத்தம் வரும். வேறு யார் தட்டினாலும் அந்தச் சத்தம் வராது.

ஆம்புரோஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆம்புரோஸ், கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுதுடா," என்றான் சைலஸ். கோபமே இல்லாமல் சொன்னான்.

ஆம்புரோஸ் கோட்டைக் கழற்றிக் கதவடியில் விரித்து அந்த இடுக்கை அடைத்தான்.

அந்த வாரமே சைலஸ் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடக்கத்துக்கு ஆம்புரோஸ் போனான். நன்றாக அழுதான் என்று வந்திருந்தவர்கள் சொன்னார்கள்.

இதெல்லாம் முடிந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது படத்தை வாங்கியிருந்த திருமதி ராட்டன் நார்ஃபோக்கிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். உங்கள் கதவு திறந்துகொண்டிருக்கிறது, வந்து சாத்திவிட்டுப் போகவும். ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவர் எங்கள் வீட்டு விருந்துக்கு வருகிறார், அவர் பார்த்தால் நன்றாக இருக்காது.

விருந்தில் சொன்ன கண்டுபிடிப்பு வாயில் ஈரம் காயாமல் இருக்க, ஆம்புரோஸ் வண்ணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் வண்டியைப் பிடித்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று உயிரோடு இருப்பவர்களில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் போய் இறங்கியது மதியம் தாண்டிய நேரம். டிசம்பர் மாத நார்ஃபோக் ஆகையால் அப்போதே லாந்தர் தேவைப்பட்டது. சதுப்பு நிலத்திலிருந்து மூடுபனி முழங்கால் உயரத்துக்கு வந்து, மேலே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வாசலில் வேலைக்காரன் ஜேபஸ் நின்றிருந்தான்.

"ஓவியர் ஐயாதானே?"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"இந்தப் பருவத்துல இங்கே வர்றது வைத்தியர், இல்லேன்னா பாதிரியார். நீங்க ரெண்டு பேரையும் விட மெலிவா இருக்கீங்க."

திருமதி ராட்டன் கணப்புக்கு எதிரே இரண்டு ஆள் அகலத்துக்கு உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். கணவர் இறந்தபின் படங்கள் வாங்கத் தொடங்கியவள். கணவர் இருந்தபோது குதிரைகள் வாங்கினாராம். குதிரைகளைவிடப் படங்கள் குறைவாகத் தின்கின்றன என்பது அவள் கருத்து.

"வெயில் பட்டிருக்கும்மா," என்றான் ஆம்புரோஸ், வண்டியில் வரும்போதே தயார்செய்து வைத்திருந்த விளக்கத்தை எடுத்து. "அவுரி நீலம் வெயில்ல வெளுத்துடும். தெற்கு ஜன்னல்கிட்ட மாட்டாதீங்கன்னு அப்பவே சொல்லியிருக்கணும்."

"வெயிலா? எங்க ஊர்லயா? கேக் எடுத்துக்கோ தம்பி. சாப்பிட்டுட்டுப் போய்ப் பாரு, அப்புறம் பேசலாம்."

மாடியில் நீண்ட நடைவழி. ஜேபஸ் கடைசிக் கதவுக்கு முன் லாந்தரைக் கீழே வைத்தான். இரண்டு விரலை மடக்கிக் கதவைத் தட்டினான். தட்டிவிட்டுக் கைகட்டி நின்றான்.

"உள்ளே யாரு?"

"யாரும் இல்லீங்க ஐயா."

"பின்னே எதுக்குத் தட்டுறே?"

"தட்டிட்டுத்தான் போகணும்னு அம்மா உத்தரவு. போன குளிர்ல ஆரம்பிச்சுது. கதவைத் திறந்தா அந்தப் பக்கம் ஒருத்தர் சரியா தட்ட வந்து நிக்கிற மாதிரி இருக்கும். மூஞ்சிக்கு மூஞ்சி. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா நம்ம காலு தானா ஒரு எட்டுப் பின்னால போயிடும். கணப்புக்குக் கரி கொண்டுபோன பொண்ணு தட்டோட விழுந்துட்டா. அப்புறம் அம்மாதான் சொன்னாங்க, யாரா இருந்தாலும் தட்டிட்டுப் போனா ஒதுங்கி வழி விடுவாங்கன்னு. அதே மாதிரி விடுறாரு."

ஆம்புரோஸ் சந்தோஷப்பட்டான். லண்டனுக்குக் கொண்டுபோக இப்படி ஒரு கதை கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"அடுத்தது நாற்காலிகிட்ட அனுமதி கேட்டுட்டுத்தான் உட்காருவீங்களா? காலி அறைக் கதவைத் தட்டிட்டு நிக்கிறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல நார்ஃபோக்காரனா இருக்கணும்."

"என் பொண்டாட்டி ரெண்டும்னுதான் சொல்றா ஐயா," என்றான் ஜேபஸ்.

ஆம்புரோஸ் அவன் காத்திருந்து முடிக்கும்வரை நிற்கவில்லை. கைப்பிடியைத் திருகி உள்ளே போனான்.

போனவன் ஒரு எட்டுப் பின்னால் வந்தான்.

தரை வழுக்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தரையில் தடித்த கம்பளம் விரித்திருந்தது.

அறையில் ஈரக்கல் வாசனையும் பழைய புகை வாசனையும் இருந்தன. அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இனிப்பாக, மருந்துபோல.

சோம்பு.

"இங்கே யாராவது சோம்பு மிட்டாய் தின்பாங்களா?"

"அந்த அறைக்கு அந்த வாசனைதான் ஐயா. நாங்க பழகிட்டோம்."

ஜன்னல்கள் மரப்பலகையால் அடைத்திருந்தன. வெயில் அந்த அறையைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். படத்துக்கு மேல் பச்சைத் துணித்திரை வேறு தொங்கியது. ஆம்புரோஸ் திரையை விலக்கினான்.

கதவு திறந்திருந்தது. மேலே மயிரிழை. கீழே வர வர நூல் கனம்.

ஜேபஸை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேஜையில் கிடத்தி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தான். யாராவது கத்தியால் சுரண்டியிருந்தால் காகிதம் பூ மயிர்போல எழும்பியிருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்திருந்தால் நீலக் கறை தங்கியிருக்கும். இங்கே இரண்டும் இல்லை. காகிதம் வழவழவென்று, ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல இருந்தது.

அவன் பூசியது அந்த இடத்தில் அழிந்திருக்கவில்லை.

அங்கே பூசப்படவே இல்லை.

இழையின் அடியில் பழுப்பு மையில் ஒரு சின்ன வளைவு தெரிந்தது. ஓர் எழுத்தின் வால்.

இந்த இடத்தில் ஆம்புரோஸுக்கு வந்தது பயம் அல்ல. ஆழ்ந்த மனவருத்தம். கைநிறைய விலை கொடுத்து வாங்கிய அவுரி நீலம், அவன் கையாலேயே அரைத்த மை, எல்லாம் சேர்ந்து தனக்குத் துரோகம் செய்துவிட்டன என்று உண்மையாகவே நொந்தான். செத்துப்போனவனாவது கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

வண்ணம் குழைத்தான். கருவேலம் பிசினைத் தாராளமாகச் சேர்த்தான். தூரிகையின் நுனியால் இழை முழுவதையும் மேலிருந்து கீழே நிரப்பினான். கதவு சாத்திக்கொண்டது. இருட்டு நன்றாக, புகழ்ச்சிக்குத் தகுந்த மாதிரி வந்திருந்தது. கைகளைக் கணப்பில் காட்டிவிட்டுத் திரும்பினான்.

வண்ணம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஓரத்தில் முத்து முத்தாக நின்றது. ஒருவர் வர, கூட்டம் விலகி வழிவிடுவதுபோல.

நடுவில் காகிதம் ஈரமாகக்கூட இல்லை.

இப்போது மூன்று எழுத்து தெரிந்தது.

மறுபடி பூசினான். மறுபடி. கணப்பில் கரி சரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல முடியாதபடி சோம்பு வாசனை நெருங்கி வந்தது.

டிக்.

தூரிகை அவன் கையில் நின்றது.

டிக், டிக்.

அறைக் கதவில்தான். வெளியிலிருந்து.

"ஜேபஸ்?"

ஜேபஸ் விரலால் தட்டுகிறவன். இது மரம் மரத்தில் படும் சத்தம். மெல்லியது. பொறுமையானது. பனியில் நின்று தட்டுகிறவன், உள்ளே இருப்பவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தால் எப்படித் தட்டுவானோ அப்படி.

பிறகு கதவின் மறுபக்கம், சாவித்துவாரத்தின் உயரத்தில், யாரோ இருமினார்கள்.

"ஆம்புரோஸ்."

அவன் தூரிகையை மேஜையில் வைத்தான்.

"வெளிச்சம் தெரியுதுடா."

அவனுக்குத் திறந்துவிடலாம் என்று தோன்றத்தான் செய்தது. எழுந்தான். கதவை நோக்கி நடந்தான். கதவருகே போனபோது கைகள் அவனைக் கேட்காமலே வேறு வேலையில் இருந்தன. கோட்டின் பொத்தான்களைக் கழற்றின. கோட்டை உருவின. குனிந்து, கதவடியில், அதை நீளவாட்டில் விரித்து, இடுக்கில் திணித்தன.

தட்டும் சத்தம் நின்றது.

அவன் திரும்பி மேஜையைப் பார்த்தபோது படத்தில் கதவு நகத்தின் அகலத்துக்குத் திறந்திருந்தது. மேலிருந்து கீழ்வரை. சைலஸ் விட்டபடியே. முழுப் பெயரும் வெளிச்சத்துக்குள் நின்றது.

அடுத்துக் கேட்டது கனமான கை ஒன்று கதவைத் தட்டும் சத்தம். தட்டிவிட்டு, மரியாதையாகக் கொஞ்சம் பொறுத்து, திருமதி ராட்டன் கதவைத் தள்ளினாள்; பின்னால் லாந்தரோடு ஜேபஸ். கோட்டில் கதவு மாட்டியது.

"குளிர் உள்ளே வருதாக்கும்," என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். மேஜைக்கு வந்து மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். "அட, சாத்தச் சொன்னா முழுசாத் திறந்து வெச்சிருக்கியே. ஆனா இதுதான் நல்லா இருக்கு தம்பி. மூச்சு விடுற மாதிரி இருக்கு. இங்கே என்னமோ எழுதியிருக்கே. எஸ். வென். யாரு இது?"

சங்கத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். வாக்கெடுப்பு புதன்கிழமை.

உண்மையைச் சொல்ல அவ்வளவு சுலபமான ஒரு சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாழ்க்கையில் இரண்டு தடவை கிடைப்பதில்லை. ஆம்புரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"காவியத்துல வர்றவன்தாம்மா. கதவுக்குப் பின்னால சாவியோட நிக்கிறானே, அவன் பேரு."

"வென்னா? லத்தீன் பேரு மாதிரி இல்லையே. லத்தீனெல்லாம் என் வீட்டுக்காரரோட போச்சு, எனக்கு என்ன தெரியும்."

"மொழிபெயர்ப்புல அப்படி வரும்."

"அப்போ நண்பனைப் பனியில தவிக்க விட்ட துரோகி இவன்தானா?"

காவியத்தில் பனி இல்லை. ஆம்புரோஸ் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு, "ஆமாம்," என்றான்.

"படத்துலேருந்து இறங்கி வந்து நின்ன இந்த அயோக்கியனுக்கா நான் இத்தனை நாளா என் வீட்டுக் கதவைத் தட்டிட்டிருந்தேன்? ஜேபஸ், இனிமே தட்ட வேண்டாம். திறந்த கதவு, நடுவுல துரோகி பேரு. அருமையான யோசனை தம்பி. தலைவர்கிட்ட நானே எடுத்துச் சொல்றேன்."

அவள் சொல்லி முடித்தபோது சோம்பு வாசனை நின்றது. குறையவில்லை. நின்றது. யாரோ அறையை விட்டுப் போனதுபோல.

மறுநாள் காலை வண்டியில் ஏற்றிவிடும்போது ஜேபஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சற்றுத் தயங்கினான்.

"அந்தக் கதவு இப்போ லேசாத் திறக்குது ஐயா. எதிர்ல யாருமே இல்ல."

"சொன்னேன்ல? காலி அறை."

"இப்போதான் காலி," என்றான் ஜேபஸ். லாந்தரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வண்டியில் எதிரே உட்கார்ந்திருந்த பருத்த அம்மாள் பாதி வழியில் கேட்டாள்: "தம்பி, அந்தச் சோம்பு மிட்டாய்ல ஒண்ணு எனக்கும் தர்றது."

"என்கிட்ட மிட்டாய் இல்லீங்களே."

"வாயில போட்டுக்கிட்டே இல்லைங்கறான் பாரு," என்று அவள் ஜன்னலிடம் சொன்னாள். லண்டன் வரும்வரை அவனோடு பேசவில்லை.

புதன்கிழமை எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஒரு வாக்குக்கூட எதிராக விழவில்லை. வெளிச்சத்தில் துரோகியின் பெயரை எழுதிய துணிச்சலைப் பற்றித் தலைவர் நெடுநேரம் பேசினார். ஆட்டுத் தொடை வந்தது. பேயைப் பற்றிய அந்தக் கண்டுபிடிப்பை மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஆம்புரோஸ் எழுந்து, வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட காகிதம் என்பதுவரை சொன்னான். அதற்குமேல் தொண்டை கட்டியிருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான்.

விருந்து முடிவதற்குள் கிளம்பிவிட்டான். தெருவில் பனி கொட்டியது. மாடிப்படி ஏறித் தன் அறைக்கு வந்தான்.

கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

அவன் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. சாவி ஒன்றுதான் உண்டு. அது அவன் சட்டைப்பையில் இருந்தது. கையை உள்ளே விட்டு அதைத் தொட்டுப் பார்த்தான். வெளியே எடுக்கவில்லை.

இரண்டு விரலை மடக்கிக் கதவைத் தட்டினான். தட்டிவிட்டு, ஜேபஸ் நின்றதுபோலவே, கைகட்டி நின்றான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ மெதுவாகக் கதவுவரை நடந்து வந்தார்கள். பொத்தான்கள் கழன்றன. தரையில் துணி உராயும் சத்தம் கேட்டது.

கதவடி வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நிதானமாக, அடைபட்டது.

ஆம்புரோஸ் இருட்டில் நின்றான். கொஞ்ச நேரம் கழித்து உள்பையிலிருந்து ஒரு தூரிகையை எடுத்தான். அதைத் திருப்பிப் பிடித்து, மரமுனையால் இன்னொரு தடவை தட்டினான். மெல்ல. பக்கத்து அறைக்காரர்களுக்குக் கேட்காதபடி.